மிதிவெடி அகற்றலில் முகாமையாளர் பதவி யாருக்கு?

பளையூரான்:
இலங்கையின் வடக்கே எங்கள் பக்கம் மிதிவெடி அகற்றும் நிறுவனமொன்றில் கள முகாமையாளர் பதவி வெற்றிடமானது. முகமாலையில் அடிமட்டப் பணியாளராகச் சேர்ந்து மேற்பார்வையாளராக உயர்ந்த பெண்ணொருவர் விண்ணப்பித்தார். பதவியோ ஓய்வுபெற்ற இராணுவ அதிகாரிக்குப் போய்விட்டது. படைச் சேவை முடிந்த கையோடு அடுத்த கதிரையும் கிடைத்துவிட வேண்டுமா?

ஓமந்தை வாசி:
இந்தத் துறையைக் கட்டியெழுப்பியவர்களே படையிலிருந்து வந்தவர்கள்தான். 1988இல் மிதிவெடி அகற்றும் ஹலோ ட்ரஸ்ட் அமைப்பைத் தொடங்கியோரில் ஒருவரான கொலின் மிட்செல் பிரித்தானியத் தரைப்படை அதிகாரி. 1989இல் அதே வேலை செய்யும் மக் (MAG) நிறுவனத்தைத் தொடங்கிய ரே மக்ராத்தும் படையில் பொறியியல் பிரிவில் இருந்தவர். வாகனம், வெடிமருந்து, மருத்துவ உதவியாளர், காயப்பட்டவரைக் கொண்டுபோகும் வழி எல்லாவற்றையும் வேலை தொடங்குமுன் சரிபார்க்கும் ஒழுங்கு படையில் ஊறியவருக்குக் கைவந்தது. அதைத் தகுதியாகக் கொள்ளாமல் எதைக் கொள்வது?

பூநகரிப் பெண்:
நான் அந்த வேலை செய்தவள், ஐயா. போரில் மிதிவெடியை அகற்றுவது படை முன்னேறப் பாதை வேண்டி. எங்களுடைய வேலை வேறு. நிலத்தைக் கையளித்த பிறகு அங்கே ஒரு வெடிகூட மிஞ்சியிருக்கக் கூடாது. முகக்கவசத்துக்குள் வியர்வை வழிய, முழங்காலில் இருந்து, கைவாரியால் மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுப்போம். பனை வேர் தட்டுப்பட்டால் அந்த இடத்தில் எவ்வளவு நேரம் போகும் என்பது செய்தவருக்குத்தான் தெரியும். அது தெரியாத முகாமையாளர், ‘இன்று ஏன் இவ்வளவு சதுர மீற்றர்தான்?’ என்று நெருக்குவார். அந்த அவசரம் ஒரு காலைக் கொண்டுபோய்விடும்.

இன்னொன்று. போர்க்காலத்துக் காவலரண் மண் அணை எங்கே இருந்தது, எந்தக் காணியில் மாடு வெடியில் அகப்பட்டது என்று சொல்பவர்கள் ஊர்ச் சனங்கள். முன்னாள் போராளிகளுக்கு இன்னும் கூடத் தெரியும். ஓர் இராணுவ அதிகாரியின் முன்னால், மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டு அவர்கள் வாய் திறப்பார்களா?

ஓமந்தை வாசி:
அந்தப் பயம் உண்மை. ஒத்துக்கொள்கிறேன், தங்கச்சி. ஆனால் 2025 தொடக்கத்தில் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை இடைநிறுத்தியதை நினைத்துப் பாருங்கள். அப்படியொரு நேரத்தில் வரவு செலவைத் திருத்தி, கொடையாளருக்கு அறிக்கை எழுதி, பணியாளரின் சம்பளத்தைக் காப்பாற்ற வேண்டும். அதற்குக் களம் மட்டும் தெரிந்தால் போதாது.

பூநகரிப் பெண்:
போதாதுதான். அதைப் பழக்கித் தரச் சொல்லித்தான் கேட்கிறோம். அந்த அதிகாரியும் அறிக்கை எழுதப் பிறகுதான் பழகுவார்; அவருக்குக் கொடுக்கும் அவகாசத்தை எங்களுக்கு ஏன் கொடுக்கவில்லை? இலங்கை 2017இல் மிதிவெடித் தடை ஒப்பந்தத்தில் சேர்ந்தது. அகற்றி முடிக்க முதலில் விதிக்கப்பட்ட நாள் 2028 ஜூன் 1. வேலை முடிந்தால் அதிகாரிக்கு ஓய்வூதியம் இருக்கிறது. குடும்பத்தைத் தனியாகத் தாங்கும் எங்கள் பெண்களுக்கு எதுவும் இல்லை. முகாமையாளராக இருந்தேன் என்று காட்ட ஒரு கடிதம் கையில் இருந்தால், கம்போடியாவிலோ உக்ரைனிலோ வேலைக்கு விண்ணப்பிக்கலாம்.

பளையூரான்:
அடுத்த வெற்றிட அறிவித்தல் தமிழிலும் வரட்டும். ‘படைச் சேவை விரும்பத்தக்கது’ என்ற வரிக்குப் பக்கத்தில் ‘கள அனுபவம் கட்டாயம்’ என்றும் போடட்டும்.