அஃபிடவிட்டில் வரும் சில சொற்களுக்கு விளக்கம் வேண்டும்

கோத்தகிரியில் இருந்து எழுதுகிறேன். அப்பா இறந்த பிறகு, எங்கள் சின்னத் தேயிலைத் தோட்டத்தின் பட்டாவில் அவருடைய இனிஷியல் தப்பாக இருப்பது தெரிந்தது, இரண்டு பெயரும் ஒருவரே என்று அம்மா நோட்டரி முன்னால் ஒரு அஃபிடவிட் (உறுதிமொழிப் பத்திரம்) கொடுக்க வேண்டுமாம். தாள் முழுக்க ஆங்கிலம், அம்மாவுக்குத் தமிழ் மட்டும்தான் படிக்கத் தெரியும்.

'டிபோனன்ட்' என்றால் உறுதிமொழி தருகிற அம்மாதான், அதுவரை சரி. ஆனால் கடைசியில் 'வெரிஃபிகேஷன்' என்று தனியாக இன்னொரு கையெழுத்து எதற்கு? ஜெராக்ஸில் 'ட்ரூ காப்பி' என்று முத்திரை போடுவதும் அஃபிடவிட்டில் 'அட்டெஸ்டட்' என்று போடுவதும் ஒன்றா? நோட்டரி முத்திரை பத்திரப் பதிவுக்கு ஈடாகாது என்பது தெரியும், அந்தக் குழப்பம் இல்லை.

புரியாத தாளில் அம்மாவைக் கையெழுத்துப் போடச் சொல்ல மனசு வரவில்லை. அப்புறம், தமிழிலேயே எழுதிக் கொடுத்தால் தாலுகா அலுவலகத்தில் வாங்கிக்கொள்வார்களா, அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.