கொலுப் பெட்டியில் கிடைத்த பழைய ‘அசுரன்’ பொம்மை: அசலா? தலை ஏன் பிசுபிசுக்குது?

திருநகர் தம்பி:
அண்ணன்மாரே, வணக்கம். நவராத்திரிக்குப் பரண்ல இருந்து கொலுப் பெட்டிய இறக்கினோம். அடியில ஒரு பாலிதீன் கவருக்குள்ள செம்மஞ்சள் கலர்ல, உடம்பு முழுக்க ரோமம் செதுக்கின குரங்கு மூஞ்சி ராட்சசன் ஒண்ணு இருந்துச்சு. சிங்கப்பூர் மாமா நான் பொறக்குறதுக்கு முன்னாடி அண்ணனுக்கு வாங்கி வந்தது. அண்ணன் விளையாடிச் சலிச்சதும் அம்மா அதைக் கொலுவுல மகிஷாசுரன் பக்கத்துல நிறுத்திட்டாங்க.

முதுகுல மேட்டல், 1981, மலேசியான்னு எழுத்து இருக்கு. சிவப்பு மார்க்கவசம் இருக்கு, கையில ஆயுதம் ஒண்ணும் இல்ல. இடது கால் தொளதொளன்னு ஆடுது. தலையத் தொட்டா விரல் ஒட்டுது. நெத்தியில சிவப்பா ஒரு பொட்டு, கம்பெனி பெயிண்டா தெரியல. பழைய சாமான் வாங்குற ஒருத்தர் பாத்துட்டு, “1981 மாடல், ஆயிரம் ரூபா தாரேன், இன்னைக்கே குடுத்துடு”ன்னு நிக்கிறார். குடுக்கலாமா?

தெப்பக்குளம் வாசி:
குடுக்காதீங்க, முதல்ல அது. இன்னைக்கேன்னு அவசரப்படுத்துறவர்கிட்ட நாளைக்கு வாங்கன்னு சொல்லணும்.

நீங்க சொல்றது பீஸ்ட் மேன். ஹீ-மேன்னு ஒரு பொம்மை நாயகன், அவனுக்கு வில்லன் ஸ்கெலிட்டர், அந்த ஸ்கெலிட்டரோட அடியாள் இவன். மேட்டல் கம்பெனி மாஸ்டர்ஸ் ஆஃப் த யூனிவர்ஸ் வரிசைய 1982-ல கடைக்குக் கொண்டு வந்தப்போ முதல் செட்டுலயே இவனும் இருந்தான். 1981-ங்கிறது பொம்மை செஞ்ச வருஷம் இல்ல தம்பி, அச்சுக்கு உரிமை வாங்கின வருஷம். அதே அச்சுல பல வருஷம் ஊத்தியிருக்காங்க. தைவான், மலேசியா, ஹாங்காங், மெக்சிகோன்னு நாட்டுப் பேர் மாறும், வருஷம் அப்படியே இருக்கும். நம்ம நாட்டுல லியோங்கிற கம்பெனி போட்டதும் உண்டு, அதைத் தனியாத் தேடுறவங்க இருக்காங்க. உங்களுது மலேசியா, சிங்கப்பூர் கதையோட பொருந்துது.

ரெண்டு சோதனை பண்ணுங்க. இடுப்பைப் பிடிச்சு ஒரு பக்கமாத் திருப்பி விடுங்க. உள்ள ஸ்ப்ரிங் இருந்தா சடக்குன்னு திரும்பி வந்து குத்து விடுவான். அடுத்து முட்டிய மடக்கிப் பாருங்க. மடங்குச்சுன்னா 2020 வாக்குல வந்த ‘ஒரிஜின்ஸ்’ வரிசை, பழசு இல்ல. 2000-ல பழைய மாதிரியே மறுபடியும் போட்டாங்க, அதுக்கு முட்டி மடங்காது, அதனால இந்த ஒரு சோதனைய மட்டும் நம்பி முடிவு கட்டிடாதீங்க. உயரம் அஞ்சரை அங்குலம் வரணும்.

திருநகர் தம்பி:
இடுப்பு சடக்குன்னு திரும்புது அண்ணே! அம்மா பயந்துட்டாங்க. முட்டி மடங்கல. உயரம் பதினாலு செ.மீ.

சிம்மக்கல் சேகரிப்பு:
தலை ஒட்டுறதுக்குக் காரணம் சொல்றேன். உடம்பு கெட்டி பிளாஸ்டிக், தலை மெத்துன்னு உள்ள காலியா இருக்கிற வினைல். வினைலை மெதுவாக்க எண்ணெய் மாதிரி ஒரு பொருள் கலப்பாங்க. வருஷம் ஆக ஆக அது வெளிய கசியும். மதுரை வெயில்ல ஓட்டுக்குக் கீழ பரண்ல, அதுவும் காத்துப் போகாத பாலிதீன்ல கட்டி வச்சா கேக்கவா வேணும். வெதுவெதுப்பான தண்ணியில ரெண்டு சொட்டு பாத்திரம் கழுவுற சோப்பு விட்டு, மெத்துன்னு ஒரு பழைய பிரஷ்ல தேயுங்க. நிழல்ல காய விட்டு வெள்ளைக் காகிதத்துல சுத்துங்க. நியூஸ் பேப்பர்ல சுத்தாதீங்க, அச்சு மை ஒட்டிக்கும்.

தின்னர், பெட்ரோல், நெயில் பாலிஷ் கழுவுற திரவம் எதுவும் வேண்டாம். நான் பட்டவன். கறை போகலன்னு என்கிட்ட இருக்கிற பீஸ்ட் மேனை அசிட்டோன் தொட்டுத் தேச்சேன், நெஞ்சு ரோமம் வழிச்செடுத்த இட்லி மாவு மாதிரி ஆயிப்போச்சு. இப்போ அவனை முதுகு காட்டித்தான் நிறுத்தி வச்சிருக்கேன்.

கால் ஆடுறது உள்ள இருக்கிற ரப்பர் இத்துப்போனதால. சரி பண்ணணும்னா ஒட்டின உடம்பைப் பொளக்கணும். விடுங்க, சாய்ச்சு நிறுத்துங்க.

விளாச்சேரி பெயிண்டர்:
இந்த ஃபாரின் பொம்மை பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது. ஆனா எங்க வீட்டுல மூணு தலைமுறையா கொலு பொம்மைக்குக் கண்ணு திறக்குறோம், அதனால சொல்றேன். மெஷின்ல பீச்சின பெயிண்டு ஓரத்துல புகை மாதிரி மங்கும். கையால வச்சதுன்னா பிரஷ் இழுத்த கோடு பூதக்கண்ணாடியில தெரியும். இந்த ரெண்டுமே இல்லாம, பள்ளத்துல மட்டும் சிவப்பு தங்கி மேட்டுல இல்லன்னா அது பெயிண்டே இல்ல. பஞ்சை நனைச்சு ஒத்தி எடுத்துப் பாருங்க.

திருநகர் தம்பி:
அண்ணே, பஞ்சு ரோஸ் கலர் ஆயிருச்சு. அம்மாகிட்ட கேட்டேன். “அசுரனா இருந்தா என்ன, கொலுவுல உக்காந்தவன்தானே”ன்னு வருஷா வருஷம் குங்குமம் வச்சிருக்காங்க!

சிம்மக்கல் சேகரிப்பு:
சிரிச்சு முடியல. குங்குமச் சாயம் வினைல்ல ஊறியிருக்கும், தேச்சா போகாது. பருவுக்குப் போடுற பென்சாயில் பெராக்சைடு க்ரீமை வெளிநாட்டுல பொம்மை சேர்க்குறவங்க கறை மேல தடவுவாங்க. கறை மங்கும். ஆனா சுத்தி இருக்கிற நிறமும் வெளுக்கலாம், அதனால நான் தொட மாட்டேன். வாங்குறவர்கிட்ட குங்குமம்னு சொல்லியே வித்துடலாம்.

தெப்பக்குளம் வாசி:
விலைக்கு வருவோம். இணையத்துல கேக்குற விலையப் பாத்து மலைக்காதீங்க. கேட்ட விலை வேற, போன விலை வேற. வித்து முடிஞ்சதை மட்டும் வடிகட்டிப் பாருங்க, அதுலயும் கால் ஆடுறது, சாமான் குறையுறதோட ஒப்பிடுங்க. இவனுக்கு மார்க்கவசம் போக, முள்ளு வச்ச கைப்பட்டை ரெண்டு, சாட்டை ஒண்ணு இருக்கணும். சாட்டைன்னா கைப்பிடி பிளாஸ்டிக், மீதி கறுப்புக் கயிறு. முதல்ல தொலையுறது அதுதான், நகல் செஞ்சும் விக்கிறாங்க. திலகர் திடல் ஞாயித்துக்கிழமை சந்தையில நான் தேடாத குவியல் இல்ல. பெட்டிய நல்லாக் கொட்டிப் பாருங்க.

திருநகர் தம்பி:
கொட்டிப் பாத்தோம். கைப்பட்டை ஒண்ணு செட்டியார் பொம்மையோட தராசுக்கு அடியில இருந்துச்சு. இன்னொண்ணு இல்ல.

சாட்டை கிடைச்சிருச்சு அண்ணே. மரப்பாச்சியோட சடைய அவுத்தேன். கறுப்புக் கயிறு, நுனியில கைப்பிடி, அது மேல குஞ்சலம் வச்சுத் தச்சிருக்காங்க. ஆயிரம் ரூபாக்காரரைத் திருப்பி அனுப்பியாச்சு. இப்போ மரப்பாச்சிக்குச் சடைக்கு என்ன பண்ணப் போறேன்னு அம்மா கேக்குறாங்க.