தண்ணி, கரண்டு கணக்குக்கு வெளி ஆள் சரிபார்ப்பு: அனுபவம் உள்ளவங்க உதவணும்

அண்ணாச்சிமாரே, அக்காமாரே, வணக்கம். கங்கைகொண்டான் பக்கம் ஒரு நூல் மில்லுல கணக்குப் பார்க்கேன். எங்ககிட்ட நூல் வாங்குற பெரிய கம்பெனி, பங்குச் சந்தையைக் கண்காணிக்குற செபி கேக்குற பிஆர்எஸ்ஆர் கோர் அறிக்கைக்காக (சுற்றுச்சூழல், சமூகப் பொறுப்புல கம்பெனி எப்படி நடக்குன்னு காட்டுற அறிக்கையோட முக்கியப் பகுதி) எங்க தண்ணி, கரண்டு, கழிவுக் கணக்கையும் கேக்கு. வெளி ஆள் வந்து சரிபார்ப்பாராம்.

மீட்டர் ரீடிங்கை வாட்ச்மேன் பேனாவால நோட்டுல எழுதுதாரு. மழை நாள் பக்கங்கள்ல மை கரைஞ்சு கிடக்கு. அதை ஆதாரமா ஏத்துக்கிடுவாங்களா? காத்தாலை யூனிட்டை மின்வாரிய பில்லுல கழிக்காங்க. அதுக்கு அந்த பில்லே போதுமா?

அறிக்கை எழுதித் தர்ற கன்சல்டன்ட், தானே சரிபார்த்தும் தாரேங்காரு. பங்குச் சந்தையில பட்டியலிட்ட கம்பெனிக்கு ஆலோசனை சொல்றவரு அதோட அறிக்கையைச் சரிபார்க்கக் கூடாதுன்னு 2023 ஜூலை செபி சுற்றறிக்கையிலயே இருக்கு. நமக்கும் அதுதான் நியாயம்னு படுது. தாமிரபரணித் தண்ணிக் கணக்கு, பேருக்கு முத்திரை குத்துற காரியமில்ல.

ஐஎஸ்ஏஇ 3000 (நிதிக் கணக்கு அல்லாத தகவலைச் சரிபார்க்குறதுக்கான சர்வதேசத் தரநிலை) படி வேலை செஞ்ச ஆடிட்டர் நெல்லை, தூத்துக்குடியில இருந்தா சொல்லுங்க. மாதிரிப் பதிவேடு இருந்தாலும் அனுப்புங்க.