அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு: ‘சீனியர் வுமன்’ பட்டத்தால் பெண்களுக்கு லாபமா, நஷ்டமா?

ஈட்டிமுனை:
அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை நடத்துகிற என்சிஏஏ அமைப்பின் கல்லூரிகளில் விளையாட்டு நிர்வாகத்தில் மேல்படியில் இருக்கிற பெண்ணை ‘சீனியர் வுமன் அட்மினிஸ்ட்ரேட்டர்’ என்று குறிக்கிறார்கள், சுருக்கமாக எஸ்டபிள்யூஏ. இதை எடுத்துவிடலாம் என்பது என் கட்சி. இது பதவியே இல்லை, வெறும் பட்டம். தனிச் சம்பளமோ கையெழுத்து அதிகாரமோ இதோடு வராது. பல இடங்களில் அந்தப் பெண் தலையில் விழுவது விதிமுறைக் கண்காணிப்பு, வீரர்களின் படிப்பு, டைட்டில் நைன் என்கிற பாலினச் சமத்துவச் சட்டக் கோப்பு. அமெரிக்கன் ஃபுட்பால், நன்கொடை, டிவி ஒப்பந்தம் எல்லாம் வேறு ஆள் கையில். பிறகு விளையாட்டுத் துறை இயக்குநர் பதவிக்கான நேர்காணலுக்குப் போனால், எவ்வளவு நிதி திரட்டினீர்கள், ஃபுட்பால் கோச்சை நியமித்ததுண்டா என்று கேட்பார்கள். என்ன பதில் சொல்வார்?

மலைத்தேன்:
பட்டம் ஏன் வந்தது என்பதையும் சொல்லுங்க. பாலினப் பாகுபாட்டைத் தடுக்கிற டைட்டில் நைன் சட்டம் 1972-ல் வந்தபோது பெண்கள் போட்டிகளை நடத்தியது ஏஐஏடபிள்யூ. பெண்களே நடத்திய அமைப்பு. 1980-களின் தொடக்கத்தில் என்சிஏஏ பெண்களுக்கும் சாம்பியன்ஷிப் தொடங்கியதும் ஏஐஏடபிள்யூ தாக்குப்பிடிக்கவில்லை. ஆண், பெண் துறைகளை ஒன்றாக்கிய கல்லூரிகளில், தனித்துறை நடத்திய பெண் பெரும்பாலும் ஆண் இயக்குநருக்குக் கீழே துணையாக இறங்கினார். 1972-க்கு முன் பெண்கள் அணிகளின் பயிற்சியாளர்களில் 90 சதவீதத்துக்கு மேல் பெண்கள். இன்று பாதிகூட இல்லை. சம்பளம் கூடியது, ஆண்கள் விண்ணப்பித்தார்கள், ஆளெடுப்பவர்களும் ஆண்கள். முடிவெடுக்கிற இடத்தில் ஒரு நாற்காலியாவது மிஞ்சட்டும் என்றுதான் இந்தப் பட்டம்.

ஈட்டிமுனை:
ஜூடித் ஸ்வீட் 1975-லேயே சான் டியேகோ கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் ஆண், பெண் இரண்டு பிரிவுக்கும் சேர்த்து இயக்குநர். 1991-ல் என்சிஏஏ தலைவர். 1975-ல் இந்தப் பட்டமே கிடையாது. கார்லா வில்லியம்ஸ் 2017-ல் வர்ஜீனியா இயக்குநரானார். அதற்கு முன் ஜார்ஜியாவில் துறையின் அன்றாட நிர்வாகம் அவர் பொறுப்பு. அந்த அனுபவம்தான் செல்லுபடியாகும்.

கணக்குப்பிள்ளை:
நடுவில் வருகிறேன். டைட்டில் நைன் கோப்பை எடுபிடி வேலை மாதிரி பேச வேண்டாம். ஒரு கல்லூரியை எடுத்துக்கொள்ளுங்கள்: 500 வீரர்களில் பெண்கள் 230, அதாவது 46 சதவீதம். மாணவர்களில் பெண்கள் 54 சதவீதம். ஆண்கள் 270 பேரை அப்படியே வைத்து மாணவர் விகிதத்துக்குச் சரிக்கட்ட இன்னும் 87 பெண்கள் வேண்டும். ஒரு அணி சேர்த்து முடிகிற காரியமா? பயண பஸ், கோச், உடைமாற்றும் அறை, எல்லாம் பட்ஜெட்டில் ஏறும்.

தில்லுமுல்லும் இங்கேதான். ஒரே பெண் கிராஸ் கன்ட்ரி, இன்டோர் டிராக், அவுட்டோர் டிராக் மூன்றும் ஓடினால் மூன்று பேராக எண்ணலாம். உண்மையாகப் போட்டியிட்டால் அது முறைதான். 2010-ல் குவினிபியாக் பல்கலைக்கழக வழக்கில், பெயருக்கு டிராக் பட்டியலில் இருந்த கிராஸ் கன்ட்ரி வீராங்கனைகளை நீதிமன்றம் கழித்துவிட்டது. சியர்லீடிங்கை விளையாட்டாகவே ஏற்கவில்லை. வாலிபால் அணியைக் கலைக்கப் பார்த்த கல்லூரி மாட்டிக்கொண்டது. ஆண்டுதோறும் மத்திய அரசுக்குப் போகிற ஈஏடிஏ என்கிற விளையாட்டுச் சமத்துவ அறிக்கையில் இன்னொரு வேடிக்கை: பெண்கள் அணியோடு பயிற்சி ஆடுகிற ஆண்களும் பெண்கள் பக்கத்து எண்ணிக்கையில் ஏறுவார்கள். அதை அப்படியே டைட்டில் நைன் கணக்கில் போட்டால் தப்பு.

ஈட்டிமுனை:
கணக்கு சரி. ஆனால் எஸ்டபிள்யூஏ-வை எப்போது கூப்பிடுகிறார்கள்? வீரர்களுக்குக் கல்லூரியே பணம் தர வழிசெய்த ஹவுஸ் வழக்குச் சமரசப்படி 2025-26-ல் ஒரு கல்லூரி வீரர்களுக்கு நேரடியாகப் பங்கிடக்கூடிய உச்சவரம்பு 2.05 கோடி டாலர். யாருக்கு எவ்வளவு என்று நிதிக்காரரும் ஃபுட்பால் கோச்சும் முடிவு பண்ணின பிறகு, “சட்டச் சிக்கல் வருமா, பாருங்க மேடம்” என்று கோப்பு வரும்.

மலைத்தேன்:
அப்படியானால் பட்டத்தை ஏன் எடுக்கணும்? நியமனக் கடிதத்தில் எழுதி வாங்கணும்: எந்தெந்த அணிகளின் பட்ஜெட்டில் கையெழுத்து, அதில் வருமானம் தருகிற ஆண்கள் அணி ஒன்று உண்டா, கோச் தேர்வுக் குழுவில் இடம், பேச வேண்டிய நன்கொடையாளர் பட்டியல்.

கணக்குப்பிள்ளை:
பெரிய கல்லூரியில் நடக்கும். சிறிய கல்லூரிகள் ஆடுகிற டிவிஷன் த்ரீயில் சாப்ட்பால் கோச்சே எஸ்டபிள்யூஏ-வாக இருப்பார். சீசனில் வாரத்துக்கு நாலு நாள் பஸ்ஸில் போய்விடும். பட்ஜெட் கூட்டத்துக்கு எங்கே வருவார்? அங்கே முதலில் கேட்க வேண்டியது, கோச்சிங் சுமையில் எத்தனை மணி நேரம் குறைப்பீர்கள் என்று.