கோடைக் கடைசியில் வெப்பமும் வறட்சியும் என்கிறது முன்னோட்டம்: சியாட்டில் பக்கம் என்ன எதிர்பார்க்கலாம்?

புதுக்குடி:

அனைவருக்கும் வணக்கம். சியாட்டிலுக்குக் குடிவந்து இன்னும் ஓராண்டு நிறையவில்லை. இந்த ஊரில் இது எனக்கு முதல் கோடை. அமெரிக்க அரசின் காலநிலை முன்கணிப்பு மையம் வெளியிட்டுள்ள மூன்று மாத முன்னோட்டத்தைப் பார்த்தேன். ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரைக்குமான வெப்ப வரைபடத்தில் வாஷிங்டன், ஆரிகன் கடற்கரைகள் முழுவதும் அடர்ந்த செம்மஞ்சள் நிறத்தில் இருக்கின்றன. "இயல்பைவிட அதிகம், 50 முதல் 60 சதவீதம்" என்று குறித்திருக்கிறார்கள். மழை வரைபடத்திலோ அதே பகுதி பழுப்பு நிறத்தில், அதாவது மழை இயல்பைவிடக் குறையலாம் என்ற குறியில், இருக்கிறது.

செப்டம்பர் முதல் வாரத்தில் அப்பாவும் அம்மாவும் வருகிறார்கள். ஆறு வாரம் தங்குவார்கள். அம்மாவுக்கு ஆஸ்துமா உண்டு, எங்கள் வீட்டில் ஏசி கிடையாது. அவர்களை அழைத்துக்கொண்டு ஒலிம்பிக் தீபகற்பத்தின் கடற்கரையில் நான்கு நாள் தங்குவதற்கும் முன்பதிவு செய்துவிட்டேன். 50 சதவீதம் என்றால் பாதி நாட்கள் வெயில் கொளுத்தும் என்று பொருளா? பயணத்தைத் தள்ளிப்போடுவது நல்லதா? இங்கே பல கோடைகளைப் பார்த்தவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

காற்றுமானி:

அந்தச் சதவீதம் நாட்களின் கணக்கு அன்று. 1991 முதல் 2020 வரையிலான முப்பது ஆண்டுகளின் இதே மூன்று மாதங்களை எடுத்து, மிகவும் வெப்பமான பத்து, நடுத்தரமான பத்து, குளிர்ந்த பத்து என்று மூன்றாகப் பிரித்துக்கொள்கிறார்கள். எதுவுமே தெரியாத நிலையில் ஒவ்வொரு பிரிவுக்கும் ஏறத்தாழ 33 சதவீத வாய்ப்பு இருக்கும். இந்த ஆண்டு முதல் பிரிவில் விழுவதற்கான வாய்ப்பு 33இலிருந்து 50க்கு மேல் ஏறியிருக்கிறது என்பதைத்தான் அந்த நிறம் சொல்கிறது. எத்தனை டிகிரி கூடும் என்பதைப் பற்றி அது வாயே திறப்பதில்லை. சராசரி ஒரு டிகிரி கூடினாலே அந்தப் பிரிவில் சேர்ந்துவிடலாம். மேலும், உலகம் வெப்பமாகிக்கொண்டிருக்கும்போது பழைய முப்பது ஆண்டுகளோடு ஒப்பிடுவதால், இந்த வரைபடம் செம்மஞ்சளாக இருப்பது இப்போதெல்லாம் ஏறக்குறைய வாடிக்கையாகவே ஆகிவிட்டது.

மழை வரைபடத்தைக் கண்டு இன்னும் குறைவாகவே கவலைப்படலாம். சியாட்டிலில் ஜூலை மாதச் சராசரி மழையே 15 மில்லிமீட்டர்தான், ஆகஸ்டில் 25. இவ்வளவு சிறிய அளவில், ஒரு பிற்பகல் இடிமழை வந்தால் போதும், மாதம் "இயல்பைவிட அதிகம்" என்ற பக்கத்துக்குத் தாவிவிடும். உண்மையில் கேட்கவேண்டிய கேள்வி, அக்டோபர் மழை எந்தத் தேதியில் தொடங்கும் என்பதுதான். அந்த மாதத்தின் சராசரி ஏறத்தாழ 100 மில்லிமீட்டர். அது இரண்டு வாரம் பிந்தினாலும் காடுகள் அதற்கான விலையைக் கொடுக்கவேண்டியிருக்கும்.

மழைக்குருவி:

எல் நினோ, அதாவது நடுப் பசிபிக் கடல்நீர் இயல்பைவிடச் சூடாகும் நிலை, உருவாகிறதா என்பதைப் பார்த்தாலே விடை கிடைத்துவிடுமே. எல் நினோ வந்தால் இந்தப் பகுதியில் வெப்பமும் வறட்சியும் கூடும், அதற்கு எதிரான லா நினா வந்தால் குளிர்ச்சியும் மழையும் கூடும் என்றுதான் நான் படித்திருக்கிறேன்.

மேல்காற்று:

மழைக்குருவி சொல்வது குளிர்காலத்துக்குப் பெருமளவு பொருந்தும். கோடைக்கு அதை நீட்ட முடியாது. கோடையில் அந்தத் தொடர்பு மிகவும் பலவீனமானது. 2022ஆம் ஆண்டு லா நினா காலம்தான். ஆனாலும் அந்த அக்டோபர் 16 அன்று சியாட்டில் விமான நிலையத்தில் 88 டிகிரி பாரன்ஹீட், அதாவது 31 டிகிரி செல்சியஸ் பதிவாயிற்று. செப்டம்பர் 10 அன்று சியாட்டிலுக்குக் கிழக்கே உள்ள கேஸ்கேட் மலைச்சரிவில் தொடங்கிய போல்ட் கிரீக் காட்டுத்தீ அப்போதும் புகைந்துகொண்டுதான் இருந்தது. அந்த வாரம் உலகப் பெருநகரங்களிலேயே மிக மோசமான காற்று சியாட்டிலில் என்று செய்தி வந்தது. காலையில் காரின் முன்கண்ணாடியைத் துடைக்கப் போனால், மாவு சலித்ததுபோல் மெல்லிய சாம்பல் படிந்திருக்கும். தண்ணீர் தெளித்தால் அது சேறாக வழியும். அக்டோபர் 21 அன்று மழை வந்த பிறகுதான் மூச்சு விட்டோம்.

இந்தக் கடற்கரையின் கோடையை முடிவுசெய்வது காற்றின் திசை. சாதாரணமாக, பசிபிக் பெருங்கடலின் மேல் நிலைகொள்ளும் உயர் அழுத்தம் மழை மேகங்களை வடக்கே தள்ளிவிடுகிறது. அதனால்தான் இங்கே கோடை வறண்டிருக்கிறது. அதே உயர் அழுத்தத்தால் கரையோரமாக வடக்கிலிருந்து வீசும் காற்று, மேல்மட்ட நீரைக் கரையிலிருந்து விலக்கிவிட, அடியிலிருந்து குளிர்ந்த நீர் மேலே வருகிறது. அந்த நீரைத் தொட்டு வரும் கடற்காற்று மூடுபனியையும் தாழ்ந்த மேகங்களையும் கரைக்குக் கொண்டுவருகிறது. ஆகையால், உள்நாட்டில் 33 டிகிரி அடிக்கும் நாளில்கூட, நீங்கள் தங்கப்போகும் கடற்கரையில் பிற்பகல் மூன்று மணிக்குப் போர்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்க நேரலாம். ஸ்வெட்டர் எடுத்துச் செல்லுங்கள், வேடிக்கைக்காகச் சொல்லவில்லை.

சிக்கல் எப்போது வருகிறதென்றால், கலிபோர்னியாவிலிருந்து வெப்பத் தாழ்வழுத்தப் பட்டை ஒன்று கரையோரமாக வடக்கே நீண்டு, காற்று கிழக்கிலிருந்து வீசத் தொடங்கும்போதுதான். மலையிலிருந்து இறங்கும் வறண்ட காற்று ஒவ்வொரு 1000 மீட்டருக்கும் ஏறத்தாழ 10 டிகிரி வெப்பமடைகிறது, கடற்காற்றின் வழியையும் அடைத்துவிடுகிறது. 2021 ஜூன் 28 அன்று இதன் உச்சத்தைப் பார்த்தோம்: சியாட்டிலில் 42 டிகிரி, ஆண்டுக்கு ஏறக்குறைய 2,500 மில்லிமீட்டர் மழை பெறும், ஒலிம்பிக் தீபகற்பத்தில் கடலை ஒட்டிய குவிலாயூட்டிலேயே 43 டிகிரி. 2020 செப்டம்பரில், அமெரிக்கத் தொழிலாளர் தின விடுமுறையின்போது வீசிய கிழக்குக் காற்றால் மூண்ட தீயும் பரவிய தீயுமாக, ஆரிகனில் அந்தப் பருவத்தில் 10 லட்சம் ஏக்கருக்கு மேல் எரிந்தது. உங்கள் பெற்றோர் வரும் வாரமும் அதுவே என்பதால் சொல்கிறேன், பயமுறுத்துவதற்காக அன்று. இத்தகைய காற்றை மூன்று மாதத்துக்கு முன்னால் எந்த வரைபடமும் காட்டாது. நான்கைந்து நாளுக்கு முன்னால் பெரும்பாலும் தெரிந்துவிடும்.

நான்காம்மாடி:

வரைபட விளக்கத்தை மற்றவர்கள் நன்றாகவே சொல்லிவிட்டார்கள். என் மாமியாருக்கும் ஆஸ்துமா என்பதால் வீட்டுப் பக்கத்தை மட்டும் சொல்கிறேன்.

2021 வெப்ப அலையில் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் 619 பேர் இறந்ததாக அங்குள்ள மரண விசாரணை அலுவலகம் கணக்கிட்டது. அவர்களில் 98 சதவீதத்தினர் கட்டடத்துக்குள்ளேயே வெப்பத்தால் பாதிக்கப்பட்டவர்கள், பெரும்பாலோர் முதியவர்கள். ஆகவே "வெளியே போகாமல் இருந்தால் போதும்" என்று நினைக்கவேண்டாம். இங்கே காற்று வறண்டிருப்பதால் இரவு நன்றாகக் குளிர்ந்துவிடும். அதுதான் நமக்குக் கிடைத்த ஏசி. சூரியன் மறைந்ததும் எதிரெதிர்ச் சன்னல்களைத் திறந்து, ஒன்றில் விசிறியை வெளிநோக்கி வைத்தால் வீட்டுச் சூடு வெளியேறிவிடும். காலை எட்டு மணிக்குள் எல்லாவற்றையும் மூடி, திரையையும் இழுத்துவிடவேண்டும்.

இந்த ஏற்பாட்டை உடைப்பது புகைதான். புகை நாளில் சன்னலைத் திறக்க முடியாது, மூடினால் வீடு சூளையாகும். அதனால் ஓர் அறையையாவது தயாராக வைத்துக்கொள்ளுங்கள். சிறிய ஏசி ஒன்று வாங்க முடிந்தால் அதை அந்த அறைக்கே வையுங்கள். 20 அங்குலச் சதுர விசிறியின் பின்பக்கத்தில், அதே அளவுள்ள மெர்வ் 13 (நுண்துகளைப் பிடிக்கும் திறனைக் காட்டும் எண்) தரக் காற்று வடிகட்டியை, அதிலுள்ள அம்புக்குறி விசிறியை நோக்கி இருக்கும்படி, இடைவெளியின்றி ஒட்டுநாடாவால் ஒட்டிவிட்டால், அறைக்குள் இருக்கும் நுண்துகள் கணிசமாகக் குறையும். விசிறி 2012க்குப் பிறகு தயாரிக்கப்பட்டதாக இருக்கட்டும். பழைய விசிறிகள் சூடேறும் அபாயம் உண்டு. முதன்முறை நான் அம்புக்குறியைக் கவனிக்காமல் தலைகீழாக ஒட்டிவிட்டு, அரைநாள் கழித்துத்தான் கண்டுபிடித்தேன். வடிகட்டிகளை ஜூலையிலேயே வாங்கிவிடுங்கள். புகை வந்த பிறகு கடைகளில் கிடைப்பதில்லை.

காற்றுத்தரக் குறியீடு 100ஐத் தாண்டினாலே அம்மா வெளியே நடக்கப் போகவேண்டாம். 150க்கு மேல் உங்களுக்கும் அதுவே பொருந்தும். இன்ஹேலர் முதலியவற்றை ஆறு வாரத்துக்கும் சற்றுக் கூடுதலாகவே ஊரிலிருந்து கொண்டுவரச் சொல்லுங்கள், புகை நாளில் மருந்தின் அளவு மாறவேண்டுமா என்று அங்குள்ள மருத்துவரிடம் புறப்படும் முன்பே கேட்டுவிடச் சொல்லுங்கள்.

புதுக்குடி:

அனைவருக்கும் மிக்க நன்றி. பயணத்தைத் தள்ளிப்போடப் போவதில்லை. ஆனால் கடற்கரைத் தங்கலை மூன்று நாளுக்கு முன்பு வரை ரத்து செய்துகொள்ளும் வகைக்கு மாற்றிவிட்டேன். மேல்காற்று அவர்களிடம் இன்னும் ஒரு கேள்வி: கிழக்குக் காற்று வரப்போகிறது என்பதை என்னைப் போன்றவர்கள் எதைப் பார்த்துத் தெரிந்துகொள்வது?

மேல்காற்று:

தேசிய வானிலை சேவையின் சியாட்டில் அலுவலகம் நாள்தோறும் எழுதும் முன்கணிப்பு விளக்கவுரையைப் படியுங்கள். அதில் காற்று கரையிலிருந்து கடலை நோக்கித் திரும்புவதாக எழுதியிருந்தாலோ, மலைச்சரிவுகளுக்குச் சிவப்புக் கொடி எச்சரிக்கை (தீ வேகமாகப் பரவக்கூடிய வானிலை என்ற அறிவிப்பு) விடுத்திருந்தாலோ, மறுநாள் வானத்தைப் பார்க்கத் தயாராகிவிடுங்கள். காற்று திரும்பி மீண்டும் கடலிலிருந்து வீசும் மாலையில், வெப்பம் ஒரு மணி நேரத்தில் சட்டென்று இறங்குவதைத் தோலிலேயே உணர்வீர்கள். அந்த மாலையில் எல்லாச் சன்னலையும் திறந்துவிடலாம்.