மெக்னீசியம் சிப்ஸ் (லேத்தில் சீவி விழும் உலோகச் சுருள்கள்) பற்றிக்கொண்டால் எதைப் போட்டு அணைப்பது?

லேத்பட்டறை:
பட்டறைக்கு முதல் தடவையாக மெக்னீசியம் அலாய் வேலை வந்திருக்கிறது, ஏஇசட்91. இதுவரை அலுமினியமும் வார்ப்பிரும்பும்தான் ஓட்டியிருக்கிறோம். சுவரில் ஏபிசி பவுடர் தீயணைப்பு சிலிண்டர், பேனல் பக்கத்தில் சிஓ2, வாசலில் மணல் வாளி இருக்கிறது. இது போதுமா? தண்ணீரில் கலக்கும் கூலன்ட்தான் ஓடுகிறது.

பழைய டர்னர்:
போதாது தம்பி. கட்டியாக இருக்கும் மெக்னீசியம் லேசில் பற்றாது, சூடு உள்ளே பரவிவிடும். சன்னமான சிப்ஸும் தூளும் அப்படியில்லை, மழுங்கின டூல் தேய்க்கிற சூடே போதும். பற்றிவிட்டால் 3000 டிகிரிக்குப் பக்கம் போகும், அதில் தண்ணீர் ஊற்றினால் ஹைட்ரஜன் கிளம்பி வெடிக்கும். சிஓ2வும் வேண்டாம், அதிலிருக்கும் ஆக்சிஜனையே பிடுங்கிக்கொண்டு எரியும், கரிதான் மிஞ்சும். ஏபிசி பவுடர் இந்தத் தீயை அணைக்காது, அடிக்கிற வேகத்தில் எரியும் சிப்ஸைச் சிதறடித்தும் விடும்.

உலோகத் தீக்கென்றே இருக்கும் டி கிளாஸ் சிலிண்டர் வாங்குங்கள், உள்ளே சோடியம் குளோரைடு, அதாவது உப்புத்தூள் இருக்கும் வகை. தள்ளி நின்று மெதுவாகப் போர்த்த வேண்டும். மேலே பொருக்குக் கட்டியதும் அணைந்ததா என்று கிளறிப் பார்க்காதீர்கள், காற்றுப் பட்டால் மறுபடி பிடிக்கும். வெளிச்சத்தை வெறும் கண்ணால் உற்றுப் பார்க்கவும் கூடாது.

லேத்பட்டறை:
நன்றி அண்ணே. அப்போ மணல்?

பழைய டர்னர்:
நன்றாகக் காய்ந்த மணல் என்றால் கொஞ்சம் சிப்ஸுக்குச் சமாளிக்கலாம். வாசல் வாளியில் சாரல் அடித்திருக்கும், ஈர மணல் போடுவதும் தண்ணீர் ஊற்றுவதும் ஒன்றுதான். அதைவிட உங்களிடம் வார்ப்பிரும்பு சிப்ஸ் இருக்கிறதே, எண்ணெய் இல்லாமல் காயவைத்து, மூடி போட்ட டப்பாவில் மிஷின் பக்கத்திலேயே வையுங்கள். துருப்பிடித்ததை மட்டும் சேர்க்காதீர்கள், துருவிலிருக்கும் ஆக்சிஜனையும் மெக்னீசியம் இழுத்துக்கொண்டு இன்னும் மூர்க்கமாக எரியும்.

சேஃப்டிக்காரன்:
1955 லே மான் கார் பந்தயத்தில் மெர்சிடிஸ் 300 எஸ்எல்ஆர் ஒன்று கூட்டத்துக்குள் பாய்ந்து 80 பேருக்கு மேல் இறந்தார்கள். அந்தக் காரின் உடல் மெக்னீசியம் அலாய், தண்ணீர் அடிக்க அடிக்கத் தீ அதிகமாகி மணிக்கணக்கில் எரிந்தது. அதனால் 101க்குப் போன் செய்யும்போது எரிவது மெக்னீசியம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

அப்புறம் அந்தக் கூலன்டை நிறுத்திவிட்டு மினரல் ஆயிலுக்கு மாறுங்கள். டூல் கூர்மையாக இருக்கட்டும், ஃபீடை (டூல் முன்னேறும் வேகத்தை) ரொம்பக் குறைத்துத் தேய்க்க விடாதீர்கள், சிப்ஸைக் குவியவிடாமல் அள்ளி மூடியுள்ள இரும்பு டிரம்மில் தனியாகப் போடுங்கள். ஏற்கெனவே நனைந்த சிப்ஸ் இருந்தால் அதைக் காற்றுப் புகாமல் அடைக்கக்கூடாது, உள்ளே ஹைட்ரஜன் சேரும். வெல்டிங் பொறி பறக்கிற பக்கம் டிரம்மே வேண்டாம்.