பைபாஸுக்கு முன்னம் சொன்ன அந்த 2 வீதம்

திருக்கடலூர் மகள்:
அப்பாவுக்கு 68. இருதயத்தின்ர மூண்டு ரத்தக்குழாயிலயும் அடைப்பு எண்டு கொழும்புக்கு எழுதிவிட்டவை. டொக்டர் போனில வயசு, கிரியேட்டினின் எண்ட கிட்னி ரத்தச் சோதனை, இருதய எக்கோ ஸ்கான் எல்லாம் தட்டிப் பாத்துப்போட்டு, கிளினிக் கொப்பியின்ர பின்மட்டையில "2%" எண்டு எழுதி வட்டம் போட்டார். அண்டிரவு மெயில் ரெயினில அம்மா அந்தக் கொப்பியை மடியிலயே வச்சிருந்தா.

ஒப்பரேஷன் நல்லா முடிஞ்சுது. மூண்டாம் நாள் ஐசியூவில அப்பா என்னை ஆரெண்டே தெரியாமல், "வலையை இழு, இருட்டுது" எண்டார். கரைவலை இழுத்த கை. போர்வைக் கரையைப் பிடிச்சு மாறி மாறி இழுத்துக்கொண்டே இருந்தார். பிறகு கிரியேட்டினின் ஏறி மூண்டு தரம் டயாலிசிஸ். இப்ப வீட்டில இருக்கிறார். அந்த 2% சாவுக்கு மட்டும் எண்டு ஒருத்தரும் எங்களுக்குச் சொல்லேல்ல.

கிண்ணியா வாசி:
தங்கச்சி, டொக்டர்மாரக் குறை சொல்ல ஏலா. எங்களுக்கு ஒவ்வொண்டாச் சொன்னாங்க: பக்கவாதம், கிட்னி, நெஞ்செலும்புக் காயத்துல சீழ். ரெண்டாம் நாள் ராவு வாப்பாட நாடி தாறுமாறா ஓடி மெஷின் கத்தின சத்தம் இன்னும் காதுல கிடக்கு. மூணு நாலு பேர்ல ஒராளுக்கு அப்பிடி வரும்னு முந்தியே சொன்னதால உம்மா பதறல்ல. தஸ்பீஹ உருட்டிக்கிட்டு இருந்தாங்க. நீங்க கேட்டிருக்கணும்.

திருக்கடலூர் மகள்:
என்னத்தைக் கேக்கிறதெண்டு தெரிஞ்சாத்தானே கேக்கலாம், நானா.

சீனக்குடா 71:
எனக்குச் செய்து நாலு வருசம். பைபாஸுக்கு ரத்தக்குழாய் எடுத்த கால்காயம்தான் ஆறச் சுணங்கினது. பிள்ளை, டொக்டர் தட்டினது யூரோஸ்கோர் 2 ஆத்தான் இருக்கும், 2012 இல வந்த கணக்கு. ஆஸ்பத்திரியில நடக்கிற சாவை மட்டும்தான் அது சொல்லும். சீனி வருத்தத்திலயும் இன்சுலின் போடுறவரைத்தான் எண்ணும், குளிசைக்காரர் அதில இல்லை. அமெரிக்க நெஞ்சு ஒப்பரேஷன் டொக்டர்மாற்ற சங்கத்தின்ர எஸ்டிஎஸ் கணக்குத்தான் பக்கவாதம், கிட்னி, வென்டிலேட்டர் சுணங்கிறது, காயத்தில கிருமி, திரும்பத் திறக்கிறது எல்லாத்தையும் தனித்தனியாச் சொல்லும். இனிப் போறவை அதைக் கேளுங்கோ. சிகரெட்டை இண்டைக்கே விடுங்கோ. சீனியை முதலே கட்டுப்படுத்துங்கோ. மூச்சை இழுக்கிற மூண்டு பந்துச் சாமானை வீட்டிலயே பழகுங்கோ. உங்கட அப்பாவுக்கு வந்த மனத்தடுமாற்றம் ரெண்டு கணக்கிலயும் இல்லை, வயசான ஆக்களுக்கு வாறது கூட. கண்ணாடி, காது மெஷின் இருந்தால் கண் முழிச்சவுடன போட்டுவிடச் சொல்லுங்கோ. எங்க இருக்கிறம், ஆர் நிக்கினம் எண்டு தெரிஞ்சால் தடுமாற்றம் குறையும்.

திருக்கடலூர் மகள்:
ஐயா, அப்பாவின்ர கண்ணாடி என்ர பாக்குக்குள்ளதான் கிடந்தது. உள்ள விடமாட்டினம் எண்டு நானே நினைச்சு, மிஸ்ஸியிட்டக் கேக்கவும் இல்லை. அஞ்சு நாள்.